கட்டெறும்புகள் கண்விழிக்கும் ஞாயிறு

...செத்துக் கிடப்பதும் தூங்கிக் கிடப்பதும் பார்வைக்கு ஒன்றுதான் என்று டேவின் சொல்லியிருந்தான், இரண்டிலும் கால்கள் வயிற்றோடு மடங்கியிருக்கும், இரண்டிலும் உணர்கொம்புகள் துவண்டிருக்கும், வெளியே எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு சோதனை கிடையாது, இரண்டு மூன்று மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட... நானும் காத்திருக்கிறேன். பத்து மணிக்கு எடுத்து வைத்தேன், இப்போது பத்தே முக்கால். சமையலறை மேஜையில், என் மனைவி ஜோலீன் தேவாலயத்துக்குப் புறப்படும் முன் துடைத்துவிட்டுப் போன மேஜையில், செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் கட்டைவிரல் பருமனில் கண்ணாடிக் குழாய்கள், ஒரு குழாய்க்குள் மட்டும் இருநூறு கட்டெறும்புகள், சிக்குப் பிடித்த கறுப்பு நூல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக. நடுவில் எங்கேயோ ராணி. ஒன்றும் அசையவில்லை. என் மகன் டேவின் வளர்த்த எறும்புகள். அவன் அக்டோபரிலிருந்து ஜெயிலில் இருக்கிறான், இவையும் அக்டோபரிலிருந்து எங்கள் நிலவறையில் ஒரு குட்டி ஃபிரிட்ஜுக்குள் இருந்தன, குளிர்காலம் முழுக்கக் குளிரில் தூங்க வைக்காவிட்டால் இந்த ஜாதி எறும்பு அடுத்த வருடம் முட்டையிடாதாம். ஏப்ரல் முதல் ஞாயிறு வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இல்லை, அவ்வளவுதான் இல்லை. மாதம் ஒரு தடவை தண்ணீர் பார்க்க வேண்டும். குளிரில் கிடக்கும் எறும்பு தின்னாது, ஆனால் குடிக்கும், தண்ணீர் வற்றினால் தூக்கத்திலேயே காய்ந்துபோகும். கோர்ட்டு வராந்தாவில் வக்கீல் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது டேவின் என்னிடம் கேட்டது இது ஒன்றைத்தான். நான் தலையாட்டினேன். ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை.

மூடியில் ஒட்டுநாடா ஒட்டி எழுதியிருக்கிறான், பொடி எழுத்து, அவன் அம்மாவின் கையெழுத்து மாதிரியே. நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், பார்த்ததும் டிக் அடிக்க. ஐந்தும் வெறும் கட்டம். அதற்குக் கீழே, எழுப்பும்போது சூடு காட்டக் கூடாது, இது அப்பாவுக்கு, என்று கோடு போட்டு எழுதியிருக்கிறான். அப்பன் புத்தி தெரிந்தவன். முப்பது வருடமாக வீடுகளைச் சூடாக்குகிற உலைகளைப் பழுது பார்க்கிறவன் நான், ஜில்லென்று எதைக் கண்டாலும் கை பரபரக்கும், இப்போதும்கூட இந்தப் பெட்டியைத் தூக்கிச் சூடான காற்று வரும் தரைத்துளைமேல் ஐந்து நிமிடம் வைத்தால் என்ன என்றுதான் தோன்றுகிறது... வைக்கவில்லை. கையை மடியில் வைத்திருக்கிறேன். ஊரார் வீட்டு நிலவறையில் நான் இறங்காதது ஒன்று பாக்கியில்லை, யார் வீட்டில் எலி, யார் வீட்டில் ஒளித்து வைத்த புட்டி, எல்லாம் தெரியும், சொந்த வீட்டு நிலவறைப் படியில் மட்டும் ஐந்து மாதமாகக் கால் வைக்க முடியவில்லை. எங்கள் உலை நடுவில் நின்றுபோயிருந்தால் என்ன செய்திருப்பேன்? இறங்கியிருப்பேனா? இல்லை, குளிரில் உட்கார்ந்திருப்பேனா? நல்ல உலை, நிற்கவில்லை. கீழே அவன் பூட்ஸ் இருக்கிறது, அவன் மேஜை விளக்கு இருக்கிறது, எறும்புக்குப் போடத் தேன் கரைத்த சின்னப் பாட்டில் இருக்கிறது. அதையெல்லாம் பார்த்தால் அழுகை வரும் என்று பயந்து போகாமல் இருந்தேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், உண்மை அதுவல்ல. பார்த்தும் ஒன்றும் வராவிட்டால் என்ன செய்வது என்றுதான் போகவில்லை. இன்று காலை இறங்கினேன். பூட்ஸைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அவனுக்குப் பதினேழு வயதில் பிடித்த பிடி இது. ஜூன் மாதம், மழை விட்ட புழுக்கமான சாயங்காலம், பெட்ரோல் பங்கின் வெள்ளைச் சுவரில் இறக்கை முளைத்த எறும்புகளாக அப்பிக் கிடந்தன, அதில் ஒன்று இறக்கையைத் தானே பிய்த்துப் போட்டுவிட்டுச் சந்து தேடி ஓடியது, இவன் என் காப்பிக் கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்துவிட்டான், காப்பி மிச்சமிருந்த கோப்பை. கண்ணாடிக் குழாயின் அடியில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, பஞ்சுக்கு முன்னால் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு, மொத்தத்தையும் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி அலமாரிக்குள் வைத்தான், சிவப்பு வெளிச்சம் எறும்புக்குத் தெரியாதாம். மாதக்கணக்கில் தீனி கிடையாது. இறக்கையை ஆட்டிய தசை இருக்கிறதே, இனி பறக்க வேண்டியதில்லை என்பதால் அதைக் கரைத்துத்தான் முதல் குஞ்சுகளுக்கு ஊட்டுமாம். மரத்தை அரிக்கிற எறும்பு இது, ஜனங்கள் இதை ஒழிக்க ஆள் வைத்து மருந்து அடிக்கிறார்கள், நீ வேலியில் போகிற ஓணானைப் பிடித்துக் காதில் விட்டுக்கொள்கிறாய் என்றேன். பெட்டியின் விளிம்பில் ஸ்பிரிட்டில் குழைத்த பவுடர் பூசியிருக்கிறேன், வழுக்கும், ஏறி வராது என்றான். பூசியது ஒரே சீராக இருந்தது, ஒரு தொழில்காரன் பூசியது போல. நன்றாகப் பூசியிருக்கிறாய் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, இதே அக்கறையைக் கணக்குப் பாடத்தில் காட்டு என்று. இதெல்லாம் இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது? பதினொன்று இருபது. அசையவில்லை.

மெர்ல் ஓஸ்ட்பி இருந்திருந்தால் சிரித்திருப்பான். பதினோரு குளிர்காலம் அவனும் நானும் உறைந்த ஏரிமேல் ஒரே மரக்குடிசையில், மீனுக்காகப் பனிக்கட்டியில் போட்ட ஆளுக்கொரு துளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அத்தனை வருடத்தில் பேசியதைச் சேர்த்தால் ஒரு மணி நேரம் தேறாது, அந்த மாதிரி நண்பன். போன வருடம் பிப்ரவரியில், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, ஏரிச்சாலை ஓரமாகச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு நடந்து வந்தவனை டேவின் என் பழைய டிரக்கில் வந்து இடித்தான், மத்தியானம் முழுக்கப் பசங்களோடு வேறொரு மீன்குடிசையில் பீர் குடித்துவிட்டு. பிரேக் பிடித்த தடமே இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். நான் மகனுக்காக அழ வேண்டுமா, நண்பனுக்காக அழ வேண்டுமா? ஒன்றுக்கு அழுதால் இன்னொன்றுக்குத் துரோகம் மாதிரி இருந்தது, அதனால் இரண்டுக்கும் அழவில்லை, பிறகு அதுவே பழகிவிட்டது. அந்த வாரம் ஊரில் எல்லா அடுப்பிலும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்ட ஹாட்டிஷ் வெந்தது, எல்லாம் ஓஸ்ட்பி வீட்டுக்குப் போயிற்று, போக வேண்டியதுதான். எங்கள் வாசலில் ஒன்றே ஒன்று இருந்தது. இந்தப் பக்கத்தில் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டியிருப்பார்கள், கழுவித் திருப்பித் தர வேண்டுமே. அதன் அடியில் பெயர் இல்லை. ஜோலீன் கழுவி வைத்துக்கொண்டு மாதக்கணக்காகத் தேவாலயத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், நீதானா, நீதானா என்று, யாரும் தலை நிமிரவில்லை. கடைசியில் பாத்திரத்தை மேல் அலமாரியில் ஏற்றிவிட்டாள்.

ஜனவரியில் பெர்னீஸ் கூப்பிட்டாள், மெர்லுடைய மனைவி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பது, அவள் வீட்டு உலை நின்றுவிட்டது, எங்கள் ஊரில் உலை பார்க்கிறவர்கள் இரண்டே பேர், இன்னொருவன் அந்த வாரம் ஃப்ளோரிடாவில் மணலில் படுத்திருந்தான். வேறு வழியில்லாமல்தான் கூப்பிட்டாள், அது எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். அவர்கள் நிலவறையில் மெர்லுடைய தூண்டில்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. சுடர் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிற கம்பியில் புகை படிந்திருந்தது, உப்புத்தாள் வைத்து நாலு தேய் தேய்த்தால் சரி, ஐந்து நிமிட வேலை. அரை மணி நேரம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மேலே வந்தபோது அவள் பாத்திரத் தொட்டிக்கு எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சரியாச்சா என்றாள். ஆச்சு என்றேன். அதற்குப் பிறகு ஏதாவது சொல்வாள், வைதால்கூடப் பரவாயில்லை என்று கையுறையை மெல்ல மெல்ல மாட்டிக்கொண்டு நின்றேன்.

"கதவ நல்லா இழுத்துச் சாத்திட்டுப் போ, வெர்னன். குளிர் உள்ள வருது."

வேனில் வந்து உட்கார்ந்து மான் இறைச்சி சாண்ட்விச்சை எடுத்துத் தின்றேன், முழுவதையும். பசித்தது. பசிக்கிறதே என்று இருந்தது.

பதினொன்று ஐம்பது. ஜோலீனின் போன் மேஜை ஓரத்தில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு டேவின் அந்தப் போனுக்குத்தான் கூப்பிடுவான், அவள் அதை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்விடுவாள், நான் வெளியே வந்து, பனி இருந்தால் பனியை வாருவேன், இல்லாவிட்டால் வாரியதையே வாருவேன். இன்று அவள் தேவாலயம் முடிந்து நேரே தங்கை வீட்டுக்குப் போகிறாள், போன் இங்கே கிடக்கிறது. மறந்துவிட்டுப் போனாளா, வைத்துவிட்டுப் போனாளா? சாவியைக்கூட மறக்காதவள். மாதம் ஒரு தடவை, தண்ணீர் பார்த்தாயா வெர்ன் என்று கேட்பாள், பார்த்தேன் என்பேன், அதை அப்படியே அவனுக்குச் சொல்லிவிடுவாள். அவளுக்கு எறும்பைக் கண்டால் ஆகாது, அந்த ஃபிரிட்ஜைத் திறக்கவே மாட்டாள், அதனால் பொய் சுலபமாக இருந்தது. ஐந்து தடவை சொன்னேன். முதல் தடவை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது. இரண்டாவது தடவை, போன மாதம் பார்க்காததை இப்போது போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று. மூன்றாவதிலிருந்து காரணமே தேவைப்படவில்லை... இதோ இப்போது சொல்லிவிடுகிறேன், கேட்க யாரும் இல்லை, இவை செத்திருந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு உள்ளே இருக்கிறது. செத்திருந்தால் முடிந்தது. ராணி பதினைந்து வருடம் வாழுமாம், அவன் வெளியே வரும்வரை நான் தினம் கீழே இறங்கித் தேனும் புழுவும் போட வேண்டும், அந்த மேஜை விளக்கைப் போட வேண்டும். செத்திருந்தால் ஒரே ஒரு தடவை, செத்துப்போச்சுடா என்று சொன்னால் போதும், பிறகு அவனுக்கும் எனக்கும் பேச ஒன்றும் இல்லை.

அப்போதுதான் குழாய்களை எண்ணினேன். பெட்டியைச் சுற்றித் திருப்பி வைக்கப் போனேன், வெயில் படுகிறதே என்று, அடியில் எறும்புக் குழாயோடு இன்னும் நான்கு கிடந்தன. வருடா வருடம் அவன் ஒரு தண்ணீர்க் குழாய்தான் வைப்பான், வற்ற வற்ற மாற்றுவான், எனக்கு நன்றாகத் தெரியும், என்னிடம்தான் டார்ச்சைப் பிடிக்கச் சொல்வான். இப்போது நான்கு. மூன்று வறண்டு, பஞ்சு மஞ்சளாகி மொடமொடவென்று கிடக்கிறது. நான்காவதில் இரண்டு விரல் தண்ணீர் நிற்கிறது. மார்ச் முடிந்தும் இரண்டு விரல். தண்டனைக்கு முந்தைய வாரம் கீழே தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிரப்பிப் பஞ்சு அடைத்திருக்கிறான், மாதம் எத்தனை வற்றும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். கணக்கு அவனுக்கு வரும்போலத்தான் இருக்கிறது. நான் வராந்தாவில் தலையாட்டியபோது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானே, அப்போதே தெரியும் அவனுக்கு, அதற்கு முன்பே தெரியும், இந்த ஆள் இறங்கிப் பார்க்க மாட்டான் என்று. எனக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும், இல்லை? கோபம்தான் வந்தது, அதுவும் பெரிய கோபம் இல்லை, மரத்துப்போன காலைக் கிள்ளினால் தெரிகிற அளவுக்கு. இவன் உருப்பட மாட்டான், வண்டியைக் கொடுத்தால் கெடுப்பான், இவனை நம்பி ஒன்றை விட முடியாது என்று இருபது வருடம் நான்தான் இவனைக் கணித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன்.

பன்னிரண்டு இருபதுக்கு ஒரு கால் நீண்டது. முதலில் என் கண் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு கொம்பு, பிறகு எறும்புக் கட்டியின் ஓரம் மொத்தமும் மெல்ல இளகியது, ஒன்று எழுந்து சாய்ந்து விழுந்து, மறுபடி எழுந்து, பக்கத்தில் கிடந்ததை வாயால் தடவிக்கொடுத்தது. அது எழவில்லை. அடுத்ததைத் தடவியது, அது எழுந்தது. குடிகாரர்கள் மாதிரி தள்ளாடிக்கொண்டு குழாயை விட்டு வெளியே வந்து, நான்காவது குழாயின் ஈரப்பஞ்சுக்குப் போய் வரிசையாக வாய் வைத்து நின்றன. முப்பது, நாற்பது. எழாததைக் கவ்வி இழுத்துப்போய் மூலையில் போடவும் ஆரம்பித்துவிட்டன, தூங்கி எழுந்ததும் முதல் காரியமே அது, தண்ணீர் குடிப்பது, செத்ததைக் குவிப்பது. பத்துப் பதினைந்து குவிந்தன. நான் சிகரெட்டை விட்டு ஒன்பது வருடம், கை சட்டைப் பையைத் தடவுகிறது. ராணி தெரிந்தது இப்போது, மற்றவைபோல இரண்டு பங்கு, கரேலென்று, மல்லாக்க, சுற்றி நாலைந்து நின்று அதன் வயிற்றை நக்கிக்கொண்டிருந்தன. அசையவில்லை. செத்த ராணியையும் நாள்கணக்கில் நக்கும் என்று அவன் சொல்லியிருக்கிறான், வாசனை மாறும்வரைக்கும் அவற்றுக்குத் தெரியாதாம். மூச்சு படக் கூடாது என்று நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துகொண்டேன். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு அது ஒரு காலைக் கண்ணாடியில் ஊன்றியது. புரண்டது. நின்று கொம்புகளைத் துடைத்துக்கொண்டது, அவசரமே இல்லாமல், பிறகு பஞ்சை நோக்கி நடந்தது, மற்றவை விலகி வழிவிட்டன, அது குடித்தது. என் வாய் திறந்திருந்தது என்பது போன் அடித்தபோதுதான் தெரிந்தது.

சிறைவாசியிடமிருந்து அழைப்பு, ஏற்க ஐந்தை அமுக்கவும் என்றது ஒரு பெண்குரல். எந்தக் கை, எந்த விரல் என்று யோசித்து அமுக்கினேன். அம்மா என்றான். நான்தான் என்றேன். பின்னால் யாரோ கத்துவதும் கதவு இடிபடுவதும் கேட்டது.

"அப்பாவா?"

"அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா."

"ஓ." பிறகு, "எடுத்து வச்சீங்களா?" என்றான்.

பத்து மணிக்கு எடுத்தேன் என்றேன், முப்பது நாற்பது நடமாடுகிறது, பத்துப் பதினைந்து போய்விட்டது என்றேன். அவ்வளவுதானா, போன வருடம் நான் பார்த்தே இருபது போச்சே என்றான், குரலில் ஏதோ ஏறியது. சூடு காட்டவில்லையே என்றான். கையைக்கூட வைக்கவில்லை என்றேன். நிஜமாவா என்று சிரித்தான், அந்தச் சிரிப்பை நான் கேட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது, எந்தப் பல் தெரியச் சிரிப்பான் என்றுகூடத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் சொன்னதை ஏன் சொன்னேன் என்று தெரியாது.

"தண்ணி நான் பாக்கல டேவின். ஒரு தடவகூட பாக்கல. அம்மாகிட்ட பாத்தேன்னு சொன்னது பொய்."

"தெரியும்பா. அதான் நாலு வச்சேன்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை, வெளியே மழை என்கிற மாதிரிச் சொன்னான். அவன் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது, இதைக் கேட்கத்தான் காலையிலிருந்து இருந்திருக்கிறான்.

"ராணி? அசைஞ்சுதா?"

பெட்டிக்குள் அது பஞ்சிலிருந்து திரும்பி நடந்துகொண்டிருந்தது, என் கண்ணுக்கு ஒரு முழத்தில்.

"இன்னும் இல்ல."

சரி என்றான், உடனே சொல்லவில்லை, கொஞ்சம் கழித்துச் சொன்னான். சில சமயம் ஒரு நாள் ஆகும், தொட வேண்டாம், தட்ட வேண்டாம், பக்கத்தில் ஒரு சொட்டுத் தேன்தண்ணீர் மட்டும் வைத்தால் போதும் என்றான், எனக்குச் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா... இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்று அந்தப் பெண்குரல் குறுக்கே வந்தது, எங்கே போயிற்று மிச்ச நேரமெல்லாம்? நாளைக்குப் போன் பேச என் முறை இல்லை, யாரிடமாவது சாப்பாட்டை விட்டுக்கொடுத்து மாற்றிக்கொள்கிறேன், நாலு மணிக்கு வீட்டில் இருப்பீர்களா என்று கேட்டான். இருப்பேன் என்றேன். வேலையில்லையா என்றான். இருப்பேன்டா என்றேன். கட்டாகிவிட்டது.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ராணி நன்றாக நடக்கிறது, ஒரு குறையும் இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன்? நாளைக்கும் அவன் கூப்பிட வேண்டும் என்று சொன்னேன், அவ்வளவுதான், அசைந்தது என்றால் சந்தோஷப்பட்டு முடித்திருப்பான், எங்களுக்கு வேறென்ன இருக்கிறது பேச... இப்படிச் சொல்லிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 'சரி' என்று சொல்ல அவனுக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்றே, அந்தக் கொஞ்ச நேரம் எனக்குள் எங்கோ இதமாக இருந்தது, இன்றைக்கு ஒரு நாள் அவனும் செத்ததா இருக்கிறதா என்று தெரியாமல் கிடக்கட்டும் என்று. மெர்லுக்காகவா? எனக்காகவா? இரண்டில் எது என்னைப் பேச வைத்தது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. நாளைக்கு நாலு மணிக்கு, இன்னும் இல்லை என்று மறுபடியும் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.